புளோயம் கடத்தல்: திசையை மறந்துவிட்டுப் படியுங்கள்

பிளஸ் ஒன் தாவரவியலில் பலரும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போகும் பகுதி, இலையில் உருவான சர்க்கரை மற்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் விதம். நீரைக் கடத்தும் திசு சைலம், சர்க்கரையைக் கடத்தும் திசு புளோயம். "சைலம் மேலே, புளோயம் கீழே" என்ற ஒற்றை வரியை நம்பி நீட் தேர்வுக்குப் போகாதீர்கள். கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டாலும் அது கைவிட்டுவிடும்.

எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. எந்த உறுப்பைப் பற்றிக் கேட்டாலும், அது இப்போது சர்க்கரை கொடுக்கிறதா, வாங்குகிறதா என்று மட்டும் பார்ப்பேன். கொடுப்பது தோற்றுவாய், வாங்குவது தேக்கிடம். தளிர் இலை வாங்கும். ஓரளவு விரிந்தபின் கொடுக்கத் தொடங்கும். மண்ணுக்குள் பருக்கும் உருளைக்கிழங்கு தேக்கிடம். முளைவிடும்போது அதே கிழங்கு தோற்றுவாய். புளோயத்தை இருதிசைக் கடத்தல் என்பது இதனால்தான்.

பதநீர் குடித்தவர்களுக்கு இது இன்னும் எளிது. சீவிய பாளையிலிருந்து கலயத்தில் சொட்டுவது, வளரும் பூங்கொத்துக்காக வந்த புளோயச் சாறுதான். அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். (சுண்ணாம்பு தடவாத கலயம் என்றால் கள்ளாகிவிடும், அது நுண்ணுயிரியல் பாடம்.)

அடுத்தது 1930இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் மன்ச் முன்வைத்த அழுத்த ஓட்டக் கருதுகோள். இதை வாசித்து மனத்தில் ஏற்றுவது வீண்வேலை, வரையுங்கள். சைலத்தையும் புளோயத்தையும் அருகருகே இரண்டு குழாய்களாகப் போட்டு, சர்க்கரைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம் கொடுங்கள். இலைப் பக்கம், பக்கத்திலிருக்கும் துணைச்செல்லின் உதவியோடு சுக்ரோஸ், புளோயத்தில் சாறு ஓடும் சல்லடைக் குழாய்க்குள் ஏறுகிறது. இதற்கு ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறு, செலவாகும். உள்ளே கரைபொருள் கூடுவதால் நீர் உள்ளார்ந்த திறன் (நீர் வேறிடம் நகர முனையும் அளவு) குறைகிறது. சைலத்து நீர் சவ்வூடு பரவலால் உள்ளே வர, விறைப்பு அழுத்தம் ஏறுகிறது. வேர்ப் பக்கம் சர்க்கரை வெளியேறுகிறது, நீரும் சைலத்துக்குத் திரும்புகிறது, அழுத்தம் இறங்குகிறது. இந்த வேறுபாடுதான் சாற்றைத் தள்ளுகிறது. சல்லடைக் குழாயில் அழுத்தம் 10 வளிமண்டல அளவையும் எட்டும். கார் டயரில் அடைக்கும் காற்று இதில் கால் பங்குகூட இருக்காது. சாறு மணிக்குச் சுமார் 1 மீட்டர் நகரும். ஏற்றத்துக்கு ஆற்றல் வேண்டும், குழாய்க்குள் ஓட்டத்துக்கு வேண்டாம்: கேள்வித்தாளில் வலை விரிக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

பட்டையை வளையமாக உரித்தால் அதோடு புளோயமும் போய்விடும், அந்த மரத்தில் முதலில் பட்டினி கிடப்பது வேர். சைலம் அப்படியே இருப்பதால் இலைகள் உடனே வாடுவதில்லை. வளையத்துக்கு மேலே பட்டை வீங்கும். தென்னையிலும் மூங்கிலிலும் இந்தச் சோதனை எடுபடாது. அவற்றின் வாஸ்குலார் கற்றைகள் (சைலமும் புளோயமும் சேர்ந்த கட்டுகள்) தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

கூற்று–காரணம் வகைக் கேள்விகளுக்கு அசுவினியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சி சாறு உறிஞ்சும்போது உடலை நீக்கிவிட்டு ஊசி போன்ற வாயுறுப்பை மட்டும் செடியிலேயே விட்டால், யாரும் உறிஞ்சாமலே சாறு மணிக்கணக்கில் கசிகிறது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றைத் தேட வேண்டியதில்லை.