99 பர்சென்ட் ஜெராக்ஸ்

தங்கச்சி மகன் எலக்ட்ரீஷியன். கட்டிங் பிளேயர், டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டேப் ரோல், இவ்வளவும் அவன் இடுப்பில் தொங்க வேண்டும். கடையில் வாங்கும் ரெக்சின் பை மூன்று மாதம் வரும். அப்புறம் பிளேயரின் மூக்கு அடித்தையலைப் பிரித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். "மாமா, தோல்ல ஏதோ தெக்கிறீங்களாமே, எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்" என்றான். பர்ஸ் இரண்டு, சாவிக்கொத்து நாலைந்து தைத்திருந்த தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். அளந்து, கோடு போட்டு, புள்ளி குத்தி, அதன் மேல் துளை போடுவதுதான் பிழைப்பு. தோலிலும் அதே வேலைதானே என்று நினைத்தேன்.

பெரியமேட்டில் தோல் தேடிப் போனால் ஒரு முழு நாளை ஒதுக்கிவிட வேண்டும். முழுத் தோலை சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். என்னை மாதிரி ஆட்களுக்குத் துண்டுத் தோல், கிலோ கணக்கு. மூட்டையைக் கிளறியதில் 3 மில்லி கனத்தில் நல்ல எருமைத் தோல் ஒன்று அகப்பட்டது. மரப்பட்டையில் பதனிட்டது, மூக்கருகே வைத்தாலே தெரியும். மேல்பக்கம் முழுக்கக் கீறல், ஒரு பழைய காயத் தழும்பு வேறு. அதனால் சதைப்பக்கம், அதாவது சொரசொரப்பான பக்கம், வெளியே வருகிற மாதிரி தைத்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். சுவரிலும் ஏணியிலும் உரசுகிற பைக்கு அதுதான் சரி, உரசல் தெரியாது. உரசல் தெரியாத பரப்பில் என் கோடும் தெரியாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

இரும்புத் தகட்டில் மயில்துத்தக் கரைசலைப் பூசினால் செம்பு நிறம் ஏறும். அதன் மேல் ஸ்கிரைபரால் கோடு இழுத்தால் தலைமுடி மாதிரி பளிச்சென்று நிற்கும். அடுத்த வாரம் வந்து பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கும். இந்தத் தோலில் தையலுக்குக் கோடு போட டிவைடரை இழுத்தேன். முனை போன வழியில் நார்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. கை எடுத்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து நின்றுகொண்டன. பேனாவால் வைத்த புள்ளி நாரில் ஊறி கடுகு அளவுக்குப் பரவியது. 5 மில்லிக்கு ஒரு தையல் ஓட்டை வர வேண்டிய இடத்தில் 2 மில்லி புள்ளி வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொரசொரப்பான வார்ப்பிரும்பில் மார்க்கிங் பண்ணும்போது சாக்பீஸ் தேய்ப்போம், அதையும் செய்து பார்த்தேன். கோடு தெரிந்தது. ஆனால் தோலைத் திருப்பி வைத்தால் கோடு பாதி என் லுங்கியில் இருந்தது.

என் வீட்டுக்காரி பிளவுஸ் தைப்பவள். அவள் தையல் பெட்டியில் பல் வைத்த சக்கரம் ஒன்று உண்டு, துணியில் அளவைப் பதிய வைக்க உருட்டுவார்களே, டிரேசிங் வீல், அது. கேட்காமல் எடுத்து உருட்டினேன். பர்ஸ் தைத்த வழவழப்பான தோலாக இருந்தால் அழகாகப் புள்ளி விழுந்திருக்கும். இதில் மேட்டில் ஏறும்போது பதிந்தது, பள்ளத்தில் நழுவியது, நார் பல்லில் சிக்கிய இடத்தில் உருளாமல் வழுக்கிக்கொண்டே போனது. நானும் விடாமல் அழுத்தியதில் இரண்டு பல் வளைந்தன. "ஏங்க, கல்லு மேலயா ஓட்டினீங்க?" என்று அவள் கேட்டதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இப்போது அந்தப் பெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது.

நனைத்தால் பதியும் என்பது உண்மை. பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தில் களிமண் மாதிரி, அழுத்திய அச்சு காய்ந்தாலும் நிற்கும். குரோமிய உப்பில் பதனிட்டது அப்படியில்லை, அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் ரப்பர் மாதிரி எழுந்துவிடும். (குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். பெயருக்குள் தோல் இருப்பது அந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிற எத்தனை பேருக்குத் தெரியுமோ.) என்னுடையது பட்டைத் தோல்தான் என்பதால் ஸ்பாஞ்சைத் தொட்டு நனைத்து, ஓரமாக என் பழைய இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்திக் கோடு இழுத்தேன். கோடு நன்றாக விழுந்தது. ஸ்கேலை எடுத்தால் அது படுத்திருந்த இடம் முழுக்கக் கருநீலம்! ஒரு கணம் ஸ்கேலில் ஏதோ மை ஒட்டியிருந்ததாக நினைத்தேன். மை ஒட்டவில்லை, அங்கேயே தயாராகியிருக்கிறது. பட்டையின் துவர்ப்பும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் வைத்து எழுத்து மை காய்ச்சியது இதே கணக்கு. எலுமிச்சம்பழம் தேய்த்ததில் கறை பாதி போனது, மீதி இன்னும் இருக்கிறது. ஈரத் தோல் பக்கம் போனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்கேலைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

அதோடு விட்டதா? நவம்பர் மழை. மிச்ச வேலையை நாளைக்குப் பார்க்கலாம், ஈரம் போகக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தேன். காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். எழுந்து கவரைப் பிரித்தால் சாம்பல் பச்சையில் பூஞ்சை. வெயிலில் போட்டு பிரஷ்ஷால் தட்டி ஒருவழியாகக் காப்பாற்றினேன்.

ஒரே அடியில் வரிசையாக ஓட்டை போடுகிற பல் உளி, ஆன்லைனில் வாங்கிய செட் ஒன்றும் வைத்திருக்கிறேன், 4 மில்லி இடைவெளி, 2 பல், 4 பல், 6 பல். பர்ஸுக்கு அதுதான் தெய்வம். இந்தத் தோலில் ஓர் ஓரத் துண்டை எடுத்து அடித்துப் பார்த்தேன். இறங்கியது, வெளியே வர மறுத்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கியதில் ஓட்டைகள் வாய் பிளந்தன. போதாததற்கு, இந்தக் கனத்துக்கும் 1 மில்லி நூலுக்கும் 4 மில்லி ரொம்ப நெருக்கம். தபால் தலை ஓரம் மாதிரி, இங்கே கிழி என்று கோடு போட்டுக் கொடுத்தது போலத்தான் ஆகும். 5 மில்லிக்குக் குறையக் கூடாது என்று முடிவெடுத்தேன். சாப்பிடும் முள்கரண்டியை வைத்தே குறி போடலாம் என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டு முள்கரண்டியை வெர்னியரில் அளந்தேன். அதன் மூன்று இடைவெளிகளும் மூன்று விதம்.

தோலிலேயே அளக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்ட பிறகுதான் வழி கிடைத்தது. பிளஸ் டூ பிள்ளைகள் வாங்குகிற கிராஃப் பேப்பர் இருக்கிறதே, அதில் 5 மில்லிக்கு ஒரு தடித்த கோடு அச்சிலேயே வருகிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, தையல் கோட்டின் மேல் வைத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு, கோடு விழுந்த இடங்களில் பேப்பரோடு சேர்த்துக் குத்தூசியால் குத்தினால் முடிந்தது. நார் படுத்தால் என்ன, எழுந்தால் என்ன?

டிவைடரை 5 மில்லிக்கு வைத்து ஒவ்வோர் எட்டாக நடத்திப் போகலாமே என்று கேட்பீர்கள். ஃபிட்டர் கேட்க மாட்டான். டிவைடர் 0.1 மில்லி கூடுதலாகத் திறந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. 43 எட்டு நடந்ததும் அது 4.3 மில்லி, கிட்டத்தட்ட ஒரு முழுத் தையல். எட்டுக்கு எட்டு பிழையும் கூடவே நடந்து வரும். ஒரே பூஜ்யத்திலிருந்து எல்லாப் புள்ளியையும் அளந்தால் அது சேராது. கிராஃப் பேப்பர் செய்வது அதைத்தான்.

சரி, என் பை கணக்குக்கு வருகிறேன். பக்கவாட்டுத் தையல் 217 மில்லி, அடித்தையல் 178, மறுபடியும் பக்கவாட்டு 217. பக்கவாட்டில் பிரச்சினை இல்லை. அடி மூலையில் ஆரம்பித்து மேலே போனால் 43 இடைவெளிக்கு 215 ஆகிவிடும், மிச்சம் 2 மில்லி பை வாய்ப் பக்கம் விழும். அங்கே எப்படியும் இரண்டு தையல் திருப்பிப் போட்டு இறுக்கத்தான் போகிறேன், யார் கண்டுபிடிப்பார்கள்? அடித்தையலில் அந்த விளையாட்டு நடக்காது. இரண்டு முனையும் மூலை, இரண்டிலும் ஓட்டை விழுந்தே ஆக வேண்டும். 178-இல் 35 இடைவெளி போட்டால் 3 மில்லி மிச்சம், 36 போட்டால் 2 மில்லி துண்டு விழும். கடைசி இரண்டு மூன்று தையலை நெருக்கிச் சமாளிக்கலாம்தான். அப்படி நெருக்கிய இடம் பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியும்.

180-ஐ 178 ஆக்க வேண்டும். அவ்வளவுதானே! பட்டை வெட்டாத கிராஃப் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"தம்பி, இதை 99 பர்சென்ட்டுல ஒரு காப்பி போடு."

பையன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல ஒண்ணுமே எழுதலையே சார்."

"எழுத வேணாம். கட்டம் மட்டும் போதும்."

"கட்டம் அப்படியே நூறுலயே போட்டுத் தரேன் சார், கிளியரா வரும். தொண்ணூத்தொம்பது போட்டா வித்தியாசமே தெரியாது."

"அந்தத் தெரியாத வித்தியாசம்தான்பா எனக்கு வேணும்."

பின்னால் ஆதார் காப்பிக்கு நின்ற அம்மா சிரித்துவிட்டார்கள். இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு வந்து ஸ்கேலை வைத்தேன். 36 இடைவெளிக்கு 178.2 வர வேண்டும், 178-ஐ ஒரு மயிரிழை தாண்டி வந்தது. ஜெராக்ஸ் மெஷின் சில நேரம் தாளை ஒரு பக்கமாக இழுத்துவிடும். அதனால் நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை அளந்து, சரியாக வந்த பக்கத்தில்தான் பட்டை வெட்டினேன். 5 மில்லிக்குப் பதில் 4.95. எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

மொத்தம் 123 ஓட்டை. முன்பக்கத் துண்டில் மட்டும் குத்திவிட்டு, ஓரத்தில் சொல்யூஷன் தடவிப் பின்பக்கத்தோடு ஒட்டினேன். அப்புறம் ஓட்டை வழியாகவே குத்தூசியை மறுபக்கம் இறக்கினேன். இரண்டு தோலும் சேர்ந்தால் 6 மில்லி. ஊசி கொஞ்சம் சாய்ந்தால் முன்னால் ரயில் தண்டவாளம், பின்னால் கடற்கரை அலை. முதல் பத்து ஓட்டையைத் திருப்பிப் பார்த்து நொந்துபோய், மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ஊசி அதற்கு ஒத்து நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே குத்தினேன். ஊசியின் தட்டையான முகமும் எல்லா ஓட்டையிலும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். அது திரும்பினால் இடைவெளி சரியாக இருந்தும் தையல் கோணலாகத் தெரியும்.

தைப்பது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்றரை மீட்டர் நூல், தேன்மெழுகு தேய்த்தது, இரு முனையிலும் ஊசி, ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைந்து வரும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். டி.வி. பார்த்துக்கொண்டே இரண்டு சாயங்காலத்தில் முடிந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் செருப்பு தைக்கிற பெரியவரிடம் என் செருப்பைக் கொடுத்திருந்தேன். குறி கிடையாது, கோடு கிடையாது, கொக்கி ஊசி பாட்டுக்கு ஏறி இறங்கியது. வீட்டுக்கு வந்து அளந்தேன் (வேறென்ன செய்வேன்). 5 மில்லியும் இருந்தது, 7 மில்லியும் இருந்தது. ஆனால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்துத் தையல்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, 5 மெல்ல மெல்ல 7 ஆகிறது, நூலின் இறுக்கம் ஒரே மாதிரி. கண் அதை மன்னித்துவிடுகிறது போல. அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன். "ஸ்கேல் எல்லாம் வெச்சுப் பாக்காதீங்க சார், அப்புறம் எனக்குக் கை ஓடாது" என்றார்.

பையை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். மாப்பிள்ளை பிளேயரைப் போட்டான், டெஸ்டரைப் போட்டான், பெல்ட்டில் கோத்து இரண்டு குதி குதித்தான். "சூப்பர் மாமா, கல்லு மாதிரி இருக்கு." அடித்தையலை அவன் பார்க்கும்படி பையைத் திருப்பிக் காட்டினேன். "ம்ம்" என்றான். பிறகு கேட்டான், "டேப் ரோல் எங்க மாமா மாட்டுறது?"

மறந்தே போய்விட்டேன். பக்கத்தில் ஒரு தோல் வார் வைத்துத் தைக்க வேண்டும். இடம் அளந்தேன், 64 மில்லி. 13 இடைவெளி போட்டால் ஒரே ஒரு மில்லி இடிக்கிறது. இவ்வளவு சின்னத் துண்டுக்கு ஜெராக்ஸ் கடை வரைக்கும் போவதா என்றுதான் தோன்றியது. ஆனால் கைலியை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பையன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கேட்டான், "தொண்ணூத்தொம்பதா சார்?"

"இன்னிக்குத் தொண்ணூத்தெட்டு."