எடுத்த தண்ணீரும் திரும்பாத தண்ணீரும்

ஒரு மாநிலம் தன் நன்னீரை எப்படிச் செலவிடுகிறது என்று அறிய, நாம் வழக்கமாகப் பார்ப்பது எந்தத் துறை எவ்வளவு நீரை எடுத்தது என்ற அட்டவணையைத்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1950 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில வாரியாகத் தொகுத்து வந்த அறிக்கைகளைப் படிக்கும்போது, அந்த அட்டவணையை மட்டும் நம்புவது எவ்வளவு தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பது தெளிவாகிறது.

2015ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 32,200 கோடி காலன் (ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர்) நீரை எடுத்தது. அதில் அனல்மின் நிலையங்களுக்கு 13,300 கோடி, பாசனத்துக்கு 11,800 கோடி. உப்புநீரைக் கழித்து நன்னீரை மட்டும் பார்த்தால் மின் நிலையங்களின் பங்கு சுமார் 9,600 கோடியாகக் குறைந்து, பாசனம் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. மின் நிலையம் எடுக்கும் நீரில் பெரும்பகுதி கொதிகலன் ஆவியைக் குளிர்வித்துவிட்டு, சற்றுச் சூடாக, ஆற்றுக்கே திரும்புகிறது. ஆவியாகிப் போவது ஏறத்தாழ 3 விழுக்காடுதான். பாசன நீரிலோ சுமார் 62 விழுக்காடு பயிரின் வழியாகவும் மண்ணிலிருந்தும் காற்றில் கலந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், ஒரு மாநிலம் முதலில் எழுதிவைக்க வேண்டிய எண், இப்படித் திரும்பாமல் போகும் நீரின் அளவுதான். ஆனால் அளப்பதற்கு மிகக் கடினமானதும் இதுவே.

எடுப்பதை அளப்பதிலேயே மாநிலங்களுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. கான்சஸில் வீட்டு உபயோகம் நீங்கலாக, நீர் உரிமை பெற்றவர்கள் ஒவ்வொருவரும் முந்தைய ஆண்டில் எவ்வளவு இறைத்தார்கள், எத்தனை ஏக்கருக்குப் பாய்ச்சினார்கள் என்று மார்ச் 1ஆம் தேதிக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். டெக்சஸிலோ, தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை நில உரிமையாளர் விரும்பிய அளவு இறைத்துக்கொள்ளலாம் என்று 1904இல் வந்த தீர்ப்பின் நிழல் இன்னும் விலகவில்லை. கலிபோர்னியா நிலத்தடி நீர் மேலாண்மைக்கு மாநிலம் தழுவிய சட்டம் இயற்றியதே 2014இல்தான்.

கான்சஸின் பதிவேடுகள் நுணுக்கமாக இருந்ததால்தான் ஒரு சங்கடமான உண்மையும் வெளிவந்தது. நீரைக் காற்றில் வீசாமல் பயிருக்கு அருகிலேயே இறக்கும் தெளிப்பான்களுக்கு அரசு மானியம் கொடுத்தது, விவசாயிகள் மாறினார்கள், ஆனால் நிலத்தடியிலிருந்து எடுத்த நீர் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. மிச்சமான நீரைக் கொண்டு அதிக நீர் கேட்கும் பயிரையும் கூடுதல் பரப்பையும் சாகுபடி செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்த விவசாயியும் அதைத்தான் செய்வார். இறைக்கும் நீரை அளக்கும் மீட்டர் இல்லாத மாநிலமாக இருந்திருந்தால், அந்த மானியம் நீரைச் சேமித்த வெற்றித் திட்டமாகவே ஏட்டில் நின்றிருக்கும்.

இப்போது லேண்ட்சாட் செயற்கைக்கோள் தரும் வெப்பப் பதிவுகளைக் கொண்டு, வயல் வயலாக ஆவியாகும் நீரை மதிப்பிட முடிகிறது. நீர் குடித்த பயிர் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதே இதன் அடிப்படை. மீட்டர் காட்டும் அளவையும் இந்த மதிப்பீட்டையும் அருகருகே வைக்காத அறிக்கையை நான் பாதிக் கணக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.