துண்டிக்காமல் தூங்கும் கருவிகள்

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் (ஊட்டிக்கு அருகே) உறைபனி விழும்போது தேயிலைச் செடிகள் கருகுவதால், தோட்டத்தில் வெப்பநிலை அளக்கும் சிம் கருவிகளை வைக்க விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது, பேட்டரி எத்தனை மாதம் தாங்கும் என்பதுதான். அதற்கான விடையில் பாதி பேட்டரியிலும் மீதி மொபைல் நிறுவனத்தின் கோர் நெட்வொர்க்கிலும், அதாவது டவர்களுக்குப் பின்னால் இருந்து பதிவையும் தரவையும் கையாளும் அமைப்பிலும், இருக்கிறது.

கருவி பதிவானதும் 4ஜியில் எம்எம்இ, 5ஜியில் ஏஎம்எஃப் என்னும் பகுதி அதன் அடையாளத்தையும் பாதுகாப்புச் சாவிகளையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. 5ஜியில் தரவு போய்வருவதற்கான இணைப்பை, அதாவது செஷனை, எஸ்எம்எஃப் என்னும் பகுதி அமைத்து, ஐபி முகவரி வழங்கி, தரவு போகும் பாதையை அதைக் கடத்தும் யுபிஎஃப் என்னும் பகுதியில் பதிக்கிறது. கருவி சிறிது நேரம் பேசாமல் இருந்தால் ரேடியோ இணைப்பு மட்டுமே விடுபடும். செஷன் அப்படியே இருக்கும். அதை வைத்திருப்பதற்குச் சிறிதளவு நினைவகமே செலவாகும். உண்மையான செலவு, அதைக் கலைத்துவிட்டு மீண்டும் கட்டுவதில்தான்.

ஆனால் கருவி செய்வோரில் பலர், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, அளவீட்டை அனுப்பியவுடன் மோடத்துக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். கால் மணிக்கு ஒருமுறை அனுப்பும் கருவி இப்படி நாளொன்றுக்கு 96 முறை புதிதாகப் பதிவாகிறது. ஒவ்வொரு முறையும் டவர் தேடல், அடையாளச் சரிபார்ப்பு, செஷன் அமைப்பு என்று எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும். சொல்லாமல் போன கருவியின் பழைய செஷனோ, அது திரும்பி வந்து புதிதாகப் பதிவாகும்வரை அல்லது நெட்வொர்க் வைத்த நேரக்கெடு முடியும்வரை, ஆளில்லாத வீட்டுக்கு வாடகை கட்டுவதுபோல ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாக் கருவிகளையும் சரியாக மணி அடிக்கும்போது விழிக்கும்படி நிரல் எழுதிவிட்டால் கோர் நெட்வொர்க் ஒரே நொடியில் திணறும். விழிக்கும் நேரத்தைச் சற்றே சிதறவிடுவதற்குக் காசு எதுவும் ஆகாது என்பதை ஏனோ பலர் கேட்க விரும்புவதில்லை.

மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 12ஆம் வெளியீட்டில் வந்த பிஎஸ்எம் என்னும் மின்சேமிப்பு முறை இதற்காகவே உருவானது. அனுப்பிய பிறகு எவ்வளவு நேரம் காதுகொடுத்திருப்பேன், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மறுபதிவு செய்வேன் என்ற இரண்டு மதிப்புகளைக் கருவி பதிவின்போதே கேட்கிறது. நெட்வொர்க் ஒப்புக்கொண்டால், கருவி ஆழ்ந்து தூங்கினாலும் பதிவும் செஷனும் கலையாமல் இருக்கும். வழக்கமாக 54 நிமிடமாக வைக்கப்படும் மறுபதிவு இடைவெளியைப் பல நாட்கள் வரை நீட்ட முடியும்.

இதில் ஒரு விலையும் உண்டு. தூங்கும் கருவியை வெளியிலிருந்து எழுப்ப முடியாது. வெப்பநிலையை அனுப்ப மட்டும் செய்யும் கருவிக்கு அது பொருட்டல்ல. ஆனால் பனி இறங்கும் இரவில் தெளிப்புநீர் மோட்டாரை ஓடச் சொல்லும் கட்டளைக்குக் காத்திருக்கும் கருவிக்கு பிஎஸ்எம் உதவாது. அவ்வப்போது விழித்து அழைப்பு உண்டா என்று பார்க்கும் இ-டிஆர்எக்ஸ் முறையே அதற்கு வேண்டும். அதிலும் இடைவெளியைக் குறுகலாக வைத்தால்தான் கட்டளை காலத்தோடு வந்து சேரும்.

மலைச்சரிவுக்கென்று தனிச் சிக்கலும் இருக்கிறது. கோத்தகிரிக்குக் கீழே உள்ள சரிவில், மேலே இருக்கும் டவரும் மேட்டுப்பாளையம் பக்கத்து டவரும் மாறி மாறி எட்டக்கூடும். இரண்டும் வெவ்வேறு டிராக்கிங் ஏரியாவில் (கருவி எங்கே இருக்கிறது என்று அறிய நெட்வொர்க் வகுத்த டவர் தொகுதியில்) இருந்தால், அசையாத கருவிகூட இடம் மாறியதாகத் திரும்பத் திரும்பத் தெரிவிக்கும். கோர் நெட்வொர்க் இரு ஏரியாக்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை ஓயும். ஆனால் கருவியை அழைக்கும்போது இரு பக்கத்து டவர்களிலும் கூப்பிட வேண்டியிருக்கும். அதிகம் அனுப்பி அரிதாகவே அழைக்கப்படும் கருவிகளுக்கு இது நல்ல பேரம் என்பேன்.

கருவியை வாங்குமுன், அது கேட்கும் மதிப்புகளை அல்ல, நெட்வொர்க் வழங்கிய மதிப்புகளை மோடத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். பிஎஸ்எம் வழங்கப்படாமலே போயிருக்கவும் கூடும்.