கோர்ட் எரிந்த கவுண்டியில் கொள்ளுத் தாத்தாவைத் தேடுவது

பக்கிங்ஹாம் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தின் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது. மாநிலத் தலைநகரான ரிச்மண்டிலிருந்து 60-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டே இருந்தால் வந்துவிடும். மொத்த ஜனத்தொகையே சுமார் 17,000. பைன் காடு, மரக்கட்டை ஏற்றிய லாரிகள், ஆர்வோனியா பக்கம் சிலேட்டுக் கல் குவாரி, எங்கே திரும்பினாலும் ஒரு பாப்டிஸ்ட் சர்ச், அவ்வளவுதான் ஊர். என் மாமியார் பிறந்து வளர்ந்தது அங்கே. கறுப்பினக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக அதே மண். "எங்க ஆளுங்க எப்பவுமே இங்கேதான் இருந்தாங்க" என்பார், அதற்கு மேல் கேட்டால் கதை அவருடைய தாத்தாவோடு நின்றுவிடும். அந்தத் தாத்தாவின் அப்பா யார், யாருடைய நிலத்தில் அடிமையாகப் பிறந்தார் என்று தோண்ட ஆரம்பித்தது நான்தான். வீட்டுக்காரருக்கு இதில் பெரிய ஆர்வம் கிடையாது, கார் ஓட்டுவார்.

பக்கிங்ஹாமில் முன்னோரைத் தேடுகிற யாருக்கும் முதலில் காதில் விழுவது 1869 என்ற வருடம். அந்த வருடம் கவுண்டி கோர்ட் தீப்பிடித்து எரிந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் வரைபடம் போட்டுக் கொடுத்துக் கட்டிய கோர்ட். கட்டடத்தையாவது மறுபடி அதே சாயலில் எழுப்பிவிட்டார்கள், உள்ளே இருந்த உயில்கள், கிரயப் பத்திரங்கள், இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள், வழக்குக் கட்டுகள் என்று 1761-இல் கவுண்டி உண்டான நாளிலிருந்து சேர்ந்த காகிதம் ஏறக்குறைய மொத்தமும் சாம்பல். அமெரிக்கத் தெற்கில் இப்படி எரிந்த கவுண்டிகள் நிறைய, விர்ஜீனியாவில் ரொம்பவே நிறைய, உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று சில கவுண்டிகள் தங்கள் ஆவணங்களை ரிச்மண்டுக்கு அனுப்பிவைக்க, 1865 ஏப்ரலில் ரிச்மண்டின் ஒரு பகுதியே எரிந்து அவையும் போயின.

வெள்ளையர் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு, கறுப்பினக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரியது. ஏனென்றால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு 1870 வரைக்கும் பெயரே கிடையாது. 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள், அதில் உரிமையாளர் பெயர் இருக்கும், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பா, இவ்வளவே. "35, பெண். 12, ஆண். 4, ஆண்." பக்கம் பக்கமாக இப்படியே போகும். பெயர் வேண்டுமானால் அவர்களைச் சொத்தாக எழுதிவைத்த காகிதத்தில்தான் தேட வேண்டும், அதாவது உயிலில், அடமானத்தில், பாகப்பிரிவினையில். அந்தக் காகிதம் எரிந்தது 1869-இல், கணக்கெடுப்பில் பெயர் எழுதியது 1870-இல். ஒரே ஒரு வருடம்.

சரி, 1870-லிருந்து ஆரம்பித்தோம். மாமியாரின் கொள்ளுத் தாத்தா அதில் பதின்மூன்று பதினாலு வயதுப் பையனாக ஒரு வீட்டில் இருக்கிறார், கூடவே ஒரு நடுவயதுப் பெண், இன்னும் சில பிள்ளைகள். அந்தப் பெண் அம்மாவா, அத்தையா, பாட்டியா, அந்த வருடக் கணக்கெடுப்பு சொல்லாது, குடும்பத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்று கேட்டு எழுதியது 1880-லிருந்துதான். 1880-இல் இவர் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டார். 1890 கணக்கெடுப்பு நாடு முழுவதற்குமே கிட்டத்தட்ட இல்லை, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகி, மிச்சத்தையும் பிறகு அழித்துவிட்டார்கள். 1900-இல் பிறந்த மாதமும் வருடமும் கேட்டார்கள், எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று தாய்மாரைக் கேட்டார்கள். கொள்ளுத் தாத்தாவின் மனைவிக்கு ஒன்பது, இருப்பது ஆறு. அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி மாமியாருக்குத் தெரியாது. வேறு எந்தக் காகிதத்திலும் இதுவரை கிடைக்கவில்லை.

வயது விஷயத்தில் யாரும் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம். பத்து வருடத்தில் இவருக்கு ஏழு வயது ஏறியிருக்கிறது, அடுத்த இருபது வருடத்தில் இருபத்துநாலு. வீட்டில் யார் கதவைத் திறந்தார்களோ அவர்கள் சொன்னதுதான், சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுகூட. இறப்புச் சான்றிதழும் அப்படித்தான். விர்ஜீனியாவில் மாநில அளவில் சான்றிதழ் முறை வந்தது 1912 ஜூனில், அதில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் கேட்பார்கள். ஆனால் பதில் சொல்பவர் துக்க வீட்டில் நிற்கிற மகனோ மருமகளோ. எங்கள் கொள்ளுத் தாத்தாவின் சான்றிதழில் அம்மா என்ற கட்டத்தில் "தெரியாது" என்று எழுதியிருக்கிறது.

அம்மா பெயரைக் கொடுத்தது கல்யாணப் பதிவேடு. தீக்குப் பிறகு நடந்த கல்யாணம் என்பதால் அது கவுண்டியிலேயே இருக்கிறது, மணமகன் மணமகள் இருவரின் பெற்றோர் பெயரும் அதில் எழுதுவார்கள். 1870-இல் கூட இருந்த அதே பெண்ணின் பெயர்தான். ஆக அம்மா. இனி அம்மாவும் பையனும் 1865-இல் விடுதலை வருவதற்கு முன்னால் யாரிடம் அடிமைகளாக இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

எரிந்த கவுண்டியில் எது பிழைத்திருக்கும்? கவுண்டியை விட்டு வெளியே போன காகிதம். எது வெளியே போயிருக்கும்? பணம் சம்பந்தப்பட்டது. 1782-லிருந்து விர்ஜீனியா நில வரியும் தனிச்சொத்து வரியும் ஆண்டுதோறும் பட்டியல் போட்டு வசூலித்தது, பட்டியலின் ஒரு பிரதி ரிச்மண்டுக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் விடமாட்டார்கள். நம் ஊர்க் கர்ணம் அடங்கல் எழுதியதுபோல அங்கே வரி கமிஷனர் குதிரையில் சுற்றி எழுதியது. யாரும் வரலாற்றுக்காக எழுதியது கிடையாது, குதிரைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, 12 வயது தாண்டிய அடிமைக்கு இவ்வளவு. பிரிட்டனோடு நடந்த 1812 போரின் செலவுக்காக 1815-இல் மட்டும் வீட்டுச் சாமானுக்கெல்லாம் வரி போட்டார்கள், அந்த ஒரு வருடப் பட்டியலைப் பார்த்தால் யார் வீட்டில் பியானோ இருந்தது, யாரிடம் தங்கக் கடிகாரம் இருந்தது என்றெல்லாம் தெரியும். படிக்க அவ்வளவு சுவாரசியம், எங்கள் தேடலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த வரிப் பட்டியல்களை வருடம் தவறாமல் படிக்க வேண்டும், அங்கொன்று இங்கொன்று பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரு பெயர் திடீரென்று வரியாளாக முளைத்தால் பையன் வயதுக்கு வந்துவிட்டான், பெயருக்குப் பதிலாக "இன்னாரின் எஸ்டேட்" என்று வந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒருவரிடம் பத்து அடிமைகள் குறைந்து அதே வருடம் மருமகனிடம் ஆறும் மகனிடம் நாலும் கூடினால், உயில் எரிந்தாலும் பாகப்பிரிவினை நம் கண் முன்னால். உயிலைவிட இது நம்பகம் என்றுகூடச் சொல்வேன். உயிலில் ஆசை இருக்கும், வரியில் நடந்தது இருக்கும்.

ஆனால் வரிப் பட்டியலில் எண்ணிக்கைதான், பெயர் கிடையாது. பெயர் வந்தது பிறப்புப் பதிவில். 1853-இல் விர்ஜீனியா ஒரு சட்டம் போட்டு, அதே வரி கமிஷனர் வருடத்துக்கு ஒருமுறை வரி எழுதப் போகும்போது அந்த வருடத்துப் பிறப்பு இறப்புகளையும் கேட்டு எழுதிவர வேண்டும் என்றது. 1896 வரை நடந்தது. அதன் பிரதியும் ரிச்மண்டுக்குப் போயிற்று, அதனால் பிழைத்தது.

அந்தப் பதிவேட்டின் பக்கத்தை இங்கே ரிச்மண்டில், மாநிலத்தின் பழைய ஆவணங்களைக் காக்கும் லைப்ரரி ஆஃப் விர்ஜீனியாவில் மைக்ரோஃபிலிமில் பார்த்தேன். அகலமான பக்கம், கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது, மை சில இடத்தில் வெளிறி சில இடத்தில் ஊறி. பிறந்த தேதி, பிள்ளையின் பெயர், வெள்ளையா சுதந்திரமான கறுப்பா அடிமையா, உயிரோடு பிறந்ததா, இப்படிக் கட்டங்கள். அப்பா பெயருக்கான கட்டத்தின் தலைப்பு நீளமானது: பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தால் அப்பாவின் பெயர், அடிமையானால் உரிமையாளரின் பெயர். ஒரே கட்டம். பக்கத்தின் வலது ஓரத்தில் தகவல் கொடுத்தவர் யார், பிள்ளைக்கு அவர் என்ன உறவு என்று இரண்டு கட்டம். வெள்ளைக் குழந்தைகளுக்கு "அப்பா", "அம்மா" என்று வரும். அடிமைக் குழந்தைகளுக்கு "உரிமையாளர்". உறவு என்ற கட்டத்தில்.

கொஞ்ச நேரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் பையனின் பெயர் 1850-களின் நடுவில் இரண்டு இடத்தில் வந்தது, இரண்டும் வேறு வேறு உரிமையாளர். ஒன்றில் தாய் பெயர் காலி. இன்னொன்றில் கல்யாணப் பதிவேட்டில் இருக்கிற அதே பெயர், பிறந்த மாதமும் 1900 கணக்கெடுப்பு சொன்ன மாதத்துக்கு ஒன்று முன்னே. அப்புறம் 1860 அடிமை அட்டவணையில் அந்த உரிமையாளரைப் பிடித்தேன். சரியான வயதில் ஒரு சிறுவன், ஒரு பெண். அந்த உரிமையாளரின் விதவை 1870-இல் எங்கள் குடும்பத்துக்கு மூன்று வீடு தள்ளி எழுதப்பட்டிருக்கிறார். விடுதலை கிடைத்ததும் எல்லோரும் முன்னாள் எஜமானரின் குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு, அதை வைத்துத் தேடினால் நிறையப் பேர் வழி தவறிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தின் பெயர் வேறு, அந்த ஆளின் பெயர் வேறு. இணையத்தில் இதே கொள்ளுத் தாத்தாவுக்குக் குடும்ப மரம் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்து, எங்கள் குடும்பப் பெயரையே கொண்ட ஒரு பணக்காரப் பண்ணை முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஆதாரமும் இல்லை. நாலு பேருக்கு எழுதிப் பார்த்தேன், ஒருவர் திருத்தினார்.

இடம் எது என்று கண்டுபிடித்ததும் வரியாலேயே. 1814-லிருந்து நில வரிப் புத்தகத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் கோர்ட்டிலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்று எழுதினார்கள். வரைபடத்தில் கோர்ட்டில் ஊசியைக் குத்தி அளந்தால் ஏறக்குறைய இடம் வந்துவிடும். பிற்காலத்துக் கிரயப் பத்திரங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் இருக்கின்றன, கொடுத்தவர் பெயரில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. நான்கெல்லை எல்லாம் மரத்தை வைத்துத்தான்: வெள்ளை ஓக்கில் ஆரம்பித்து வடகிழக்கே இத்தனை போல், அங்கே இரண்டு பைன், அங்கிருந்து ஓடை ஓரமாகவே. ஒரு போல் என்றால் பதினாறரை அடி. அந்த ஓக் இப்போது எங்கே இருக்கும், ஓடை இருக்கிறது. மாமியாரிடம் உரிமையாளரின் பெயரைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை, "அந்தப் பேர்ல ஒரு ரோடே இருக்கே, எங்க ஸ்கூல் பஸ் அதுலதான் போகும்" என்றார்.

அந்த ரோட்டுப் பக்கம் ஒரு மரக் கம்பெனி நிலத்துக்குள் பழைய புதைமேடு ஒன்று இருக்கிறது. தனியார் நிலமானாலும் முன்னோர் கல்லறையைப் பார்க்கவும் வம்சாவளி ஆராயவும் போக விர்ஜீனியா சட்டம் உரிமை தருகிறது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு முறையாகப் போனோம். பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக வெறும் காட்டுக்கல், தரையெல்லாம் வின்கா கொடி படர்ந்து கிடக்கிறது. நம் நித்தியகல்யாணிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இங்கே பழைய புதைகாடுகளுக்கு இந்தக் கொடிதான் அடையாளம் என்பார்கள். மாமியார் காரிலேயே உட்கார்ந்திருந்தார், முழங்கால் வலி, தவிர அங்கே பாம்பு இருக்கும் என்று அவருக்கு உறுதி. திரும்பும் வழியில் கார்ட்டர் வுட்சன் பிறந்த நியூ கேண்டன் இதே கவுண்டிதான் என்பதை மறுபடி ஒருமுறை ஞாபகப்படுத்தினார். 1926-இல் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒரு வாரத்தைத் தொடங்கிவைத்தவர், அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1875-இல் பிறந்தவர். அந்த ஒரு பெயரை வைத்து எந்த வாக்குவாதத்தையும் மாமியார் முடித்துவிடுவார்.

அடுத்து லைப்ரரியின் இன்னொரு தொகுப்பு பாக்கி இருக்கிறது. எரிந்த கவுண்டிகளின் உயிலோ பத்திரமோ வேறு கவுண்டி வழக்குகளில் சாட்சியமாக நகல் எடுத்துக் கொடுக்கப்பட்டிருந்தால், அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டுவருகிறார்கள். அந்த உரிமையாளரின் பிள்ளைகள் சொத்துக்குச் சண்டை போட்டிருந்தால், அதுவும் பக்கத்துக் கவுண்டியில் போட்டிருந்தால், எங்களுக்கு அதிர்ஷ்டம். விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் ரிச்மண்ட் கிளைப் பதிவேடுகளும் இருக்கின்றன, கணக்குத் தொடங்கும்போது அப்பா அம்மா அண்ணன் தம்பி பெயரெல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள், குடும்பத்தில் யாராவது வேலை தேடி இந்தப் பக்கம் வந்திருந்தால் அதில் மாட்டுவார்.

மாமியாருக்கோ பொறுமை இல்லை, தன் அம்மா வழியையும் பார்க்கச் சொல்கிறார். அம்மா வழி பக்கத்து அப்பமாட்டாக்ஸ் கவுண்டி, உள்நாட்டுப் போரின் முடிவில் தெற்குப் படையின் ஜெனரல் லீ சரணடைந்தாரே, அதே ஊர். அந்தக் கோர்ட்டும் 1892-இல் எரிந்துவிட்டது என்று சொன்னேன்.

"அதனால என்ன, வரி கட்டியிருப்பாங்கல்ல" என்றார்.