ஒயர் கூடையும் கூழ் வத்தலும்: ஒரு மதுரைக் கோடை

ஏப்ரல் 19, 2025, சனி

கூடை வாங்கப் போய், ஒயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

காய்கறிக்கு ஒரு ஒயர் கூடை வேண்டும் என்று கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2019 ஜனவரியில் கேரிபேக்கைத் தடை செய்தபோது அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய கூடைகள் எல்லாம் வரிசையாக இறங்கின. இந்த வாடகை வீட்டில் பரணும் கிடையாது, கூடையும் கிடையாது. மஞ்சப்பை இருக்கிறது. ஆனால் தக்காளிக்கு மேல் பரங்கிக்காய் ஏறி உட்கார்ந்தால் மஞ்சப்பை பாவம், என்ன செய்யும்?

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் ஒயர் ரோல் ரோலாகத் தொங்கியது. இவர் அப்படியே நின்றுவிட்டார். "உனக்குத்தான் பின்னத் தெரியுமே, எனக்கும் சொல்லிக் குடு" என்றார். தெரியும்தான். பள்ளிக்கூட லீவில் அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஆனால் நான் கடைசியாகப் பின்னியபோது இரட்டை ஜடை போட்டிருந்தேன்.

சரி என்று மூன்று ரோல் கூடைக்கு ஒயர் கேட்டோம். இவர் கறுப்பும் சாம்பலும் எடுத்தார். ஆபீஸ் பேக்கா பின்னப்போகிறோம்? மார்க்கெட் கூட்டத்தில் கீழே வைத்தால் தூரத்திலிருந்தே நம்ம கூடை என்று தெரிய வேண்டும். மயில் நீலம் இரண்டு, மஞ்சள் ஒன்று. கடைக்கார அம்மா என் பக்கம்தான் பேசினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் இட்லி முடிந்ததும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். இவர் ஸ்கேல் எடுத்து வந்தார். நான் முழம் போட்டு ஒயரை வெட்டினேன். என் முழமும் அவர் ஸ்கேலும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பஞ்சாயத்து. எல்லா ஒயரையும் ஒரே கை அளந்தால் போதும், சென்டிமீட்டர் எதற்கு என்று முடித்து வைத்தேன்.

சாதா முடிச்சில்தான் ஆரம்பிக்க வேண்டும். இவர் வீடியோவில் சிவன் கண் முடிச்சைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று அடம். அ, ஆ தெரியாமல் வெண்பா எழுத உட்கார்ந்த கதை. வெட்டிய ஒயரைச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் வளையம் வைத்து, ரன்னிங் ஒயரை (வரிசை முழுக்க ஓடும் நீள ஒயர்) அதற்குள் விட்டு வாங்கி, நுனிகளைப் பிடித்து இழுத்தால் கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சதுரம் வந்து உட்காரும். இழுக்கிற இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு முடிச்சு இறுகி அடுத்தது தளர்ந்தால் வரிசை கோணும். அடிப்பாகம் தளர்ந்தால் கூடை நாளைக்குத் தொப்பை போடும்.

இவர் விரல் மத்தியானத்துக்குள் சிவந்துவிட்டது. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். நடு வரிசை முடிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். இவர் சாதாரணமாகப் பேசுகிற ஆள் இல்லை. "ஆபீஸ் எப்படி?" என்று கேட்டால் "போகுது" என்பார். இன்று கண்ணை ஒயரில் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பில் மாமாவிடம் அடி வாங்கிய கதை, முதல் சம்பளத்தில் அத்தைக்கு மிக்ஸி வாங்கப் போய்ப் பணம் பத்தாமல் நின்ற கதை என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. அவ்வப்போது முடிச்சை மட்டும் சரி செய்து கொடுத்தேன்.

மே 1, வியாழன்

உழைப்பாளர் தினம். இவருக்கு லீவு, அதனால் மொட்டை மாடியில் உழைப்பு.

கூழ் வத்தல் போட இந்த வெயிலை விட்டால் வேறு கிடையாது. நேற்று ராத்திரியே ஜவ்வரிசியை ஊறப்போட்டேன். பச்சரிசி மாவு நாலு பங்கு, ஜவ்வரிசி ஒரு பங்கு. விடிவதற்கு முன் எழுந்து, பச்சை மிளகாயையும் பெருங்காயத்தையும் அரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஜவ்வரிசி கண்ணாடியாக வெந்ததும் கரைத்த மாவை ஊற்றிக் கிளற ஆரம்பித்தேன். பாதியில் கை கடுத்துவிட்டது. இவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். அடி பிடிக்கக்கூடாது என்று சொன்னதும் பயந்துபோய், கூழ் குமிழியிட்டுத் தெறிக்கத் தெறிக்கக் கையை எடுக்காமல் கிளறினார்.

உப்பு விஷயத்தில் அத்தை போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கூழை வாயில வச்சா உப்பு பத்தலன்னு தோணணும்மா. காய்ஞ்சா தூக்கும்." எலுமிச்சம்பழம் கூழ் இறக்கி ஆறிய பிறகுதான்.

மாமாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம். முறுக்கு உழக்கில் ஓமப்பொடி அச்சுப் போட்டு இவர் பிழிந்தார், நான் கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றினேன். ஹவுஸ் ஓனர் அக்கா மேலே வந்து பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, மாப்பிள்ளைய முறுக்கு பிழிய வச்சுட்டாளா உம் பொண்டாட்டி?" என்று சிரித்தார். இவர் அசரவில்லை. "நீங்களும் ஒரு கை போடுங்கக்கா" என்று உழக்கை நீட்டினார். அக்கா நிஜமாகவே உட்கார்ந்து ஒரு வரிசை பிழிந்தார். அவர் பிழிந்தது மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கிறது.

மிச்சக் கூழை இரண்டு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வத்தல் போடுவதே இந்தக் கூழுக்காகத்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். 28 வரை இருக்கிறது. மாடியில் செருப்பில்லாமல் ஓரடி வைக்க முடியவில்லை. வத்தலுக்குக் கொண்டாட்டம்.

மே 2-ஆம் தேதியே வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்துப் பெயர்த்துவிட்டோம். வேட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல இழுத்தால் வத்தல் தானாக விட்டுக்கொண்டு வரும். அந்தச் சின்ன 'டிக்' சத்தத்துக்காக இவர் என்னை ஒன்றுகூட எடுக்க விடவில்லை. அப்புறம் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் நல்ல வெயில் காட்டினோம். இன்று இரண்டைப் பொரித்துப் பார்த்தேன், எண்ணெயில் விழுந்ததும் மூன்று மடங்காக விரிந்தது. உப்பு அத்தை சொன்ன கணக்கு.

காக்காய்க்கு என்ன செய்வது என்று பெரிய ஆலோசனை நடந்தது. கறுப்புக் குடையை விரித்து வைத்தோம், காக்காய் குடை மேலேயே வந்து உட்கார்ந்தது. கடைசியில் இவர் பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டார். காற்றில் அது திரும்பித் திரும்பி வெயிலை அடிக்க, காக்காய் பக்கத்து மாடிக்கு ஜாகை மாற்றிக்கொண்டது. அந்த சிடிகளில் ஒன்று எங்கள் நிச்சயதார்த்த வீடியோ என்று இவர் சாயங்காலம்தான் சொன்னார். பென் டிரைவில் இன்னொரு பிரதி இருக்கிறதாம், அதனால் பிழைத்தார்.

மோர் மிளகாயும் போட்டிருக்கிறேன். கீறின மிளகாய் பகலெல்லாம் வெயிலில், ராத்திரி திரும்பவும் உப்புப் போட்ட தயிரில். தயிர் முழுவதையும் மிளகாய் குடிக்கும் வரை இந்தப் போக்குவரத்து நடக்கும்.

ராத்திரி கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வைத்து, தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டோம். காய்க்கு எனக்குப் புளியங்கொட்டை, அவருக்கு ஒயர் துண்டு. அம்மா சீரோடு கொடுத்த பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. எனக்கு உருட்டிய இரண்டாவது தரமே தாயம். அவருக்கு மூன்றும் ஐந்துமாக விழுகிறதே தவிர ஒன்று விழவில்லை. தாயம் விழாமல் காய் இறங்காது. ஒரு வழியாக இறங்கி, என் காயை, வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் ஏறுவதற்கு ஒரு கட்டம் முன்னால் வெட்டினார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. கரண்ட் வந்தும் விளக்கைப் போடாமல் ஆடி முடித்தோம். யார் ஜெயித்தது என்று எழுத விருப்பமில்லை.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். கல்யாணமாகி எனக்கு முதல் சித்திரைத் திருவிழா. கோயிலுக்குள் போக வாய்ப்பில்லை, டிவியில்தான் பார்த்தோம். அம்மனுக்குத் திருமாங்கல்யம் ஏறியதும் நானும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டேன். மாடிப்படியில் எட்டிப் பார்த்தால் ஹவுஸ் ஓனர் அக்கா, எதிர்வீட்டு அத்தாச்சி எல்லோரும் அதே நேரத்தில் மஞ்சளும் கையுமாக நிற்கிறார்கள். ஊரே ஒரு கல்யாண வீடு.

சேதுபதி பள்ளியில் திருக்கல்யாண விருந்து நடக்கிறது, போகலாமா என்று இவர் கேட்டார். வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே விருந்து வைத்துவிட்டோம். பருப்பு, சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல், பால் பாயசம், புது வத்தல். வடை இவர் பொறுப்பு. வாழையிலையில் தட்டி நடுவில் ஓட்டை போட்டதெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் எண்ணெய்க்குள் கை தைரியமாக இறங்கவில்லை, உயரத்திலிருந்து போட்டார். ஓட்டையில்லாத வடைக்கும் ருசி குறைவில்லை.

மே 12, திங்கள்

தூக்கமில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நடுராத்திரியே கிளம்பிவிட்டோம்.

நேற்றுச் சாயங்காலம் சொம்பு தயார் செய்தோம். பித்தளைச் சொம்பில் நாட்டுச்சர்க்கரை நிரப்பி, வாய்க்கு வாழையிலை கட்டி, மேலே சூடம் வைக்க இடம். சொம்பைச் சுற்றி இவர் மல்லிகைச் சரத்தையும், மிச்சமிருந்த மஞ்சள் ஒயரில் பின்னிய சின்ன வளையத்தையும் மாட்டிவிட்டார். இந்த மனிதருக்கு இப்போது எதைப் பார்த்தாலும் ஒயர்தான் ஞாபகம்.

வைகை மேல் இருக்கிற ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. விடியும் நேரத்தில் தங்கக் குதிரை தெரிந்தது, "கோவிந்தா" என்ற சத்தத்தில் பக்கத்தில் நின்ற குழந்தை விழித்து அழுதது. ஆட்டுத்தோல் தோப்பறை தோளில் தொங்க ஒரு தாத்தா மெல்லிய குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார். அழகருக்குப் போனது கொஞ்சம், எங்களுக்கு விழுந்தது நிறைய. அந்த வெக்கையில் யாரும் குறை சொல்லவில்லை. திரும்பும் வழியில் பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பானகம். இவர் எல்லாப் பந்தலிலும் நின்றார்.

மே 18, ஞாயிறு

வீட்டில் ஜிகர்தண்டா. கடையில் குடிக்கிற ஊரில் இது வேண்டாத வேலை என்று அம்மா சொன்னார். இருக்கட்டும்.

பாதாம் பிசினைச் சின்ன ஸ்பூனால் ஒரே ஒரு ஸ்பூன் ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் கிண்ணம் நிறைய வழுவழுவென்று எழுந்து நிற்கிறது. பாலை அடுப்பில் வைத்து, ஏடு படியப் படிய ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, பாதிக்கும் கீழே சுண்டவிட்டோம். நிறம் வெள்ளையிலிருந்து இளம் சந்தனத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். டம்ளரில் முதலில் பிசின், பிறகு நன்னாரி சர்பத், சுண்டின பால், மேலே ஐஸ்கிரீம், அதற்கும் மேலே ஒதுக்கி வைத்த ஏடு. கடையில் கிடைக்கிற அந்தக் கனம் வரவில்லை. பால் இன்னும் அரை மணி அடுப்பில் நின்றிருக்க வேண்டும். ஆனால் நன்னாரி வாசனை எங்களுடையதுதான் தூக்கல்.

இவர் நோட்டை எடுத்து உட்கார்ந்தார். பால், கேஸ், ஐஸ்கிரீம் எல்லாம் கூட்டினால் கடை விலையைத் தாண்டிவிட்டது. கூடையும் அப்படித்தான். ஒயருக்குக் கொடுத்த காசோடு கொஞ்சம் சேர்த்தால் பின்னின கூடையே கிடைக்கும். பின்னிக் கொடுக்கிறவர்களுக்கு அந்தக் 'கொஞ்சம்'தான் கூலி என்று நினைக்கும்போது கஷ்டமாக இருந்தது. ஒரு முடிச்சுக்கு விரல் என்ன பாடுபடுகிறது என்று இப்போது தெரியும். இனிமேல் யாரிடமும் கூடைக்குப் பேரம் பேசமாட்டேன்.

மே 24, சனி

கேரளாவில் இன்றே பருவமழை தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித்தான் தொடங்கும். இங்கேயும் காலையிலிருந்து மேகம் மூடிக்கொண்டிருக்கிறது. கடைசி ஈடு மோர் மிளகாயை ஓடிப்போய் எடுத்து வந்து, வத்தலோடு சேர்த்து டப்பாவில் அடைத்தேன்.

வெயிலில்லாத நாள் கூடைக்கு நல்லது. சுவர் எழும்பி மேல் வரிசை முடிந்திருந்தது. மீந்து நிற்கும் நுனிகளை உள்பக்க முடிச்சுக்குள் ஒவ்வொன்றாகச் சொருகி வெட்ட வேண்டும், பொறுமையைச் சோதிக்கிற வேலை. கைப்பிடி நான் போட்டேன். எடை முழுவதும் அதில்தான் தொங்கும் என்பதால் அதை அவரிடம் விடவில்லை. ஒரு பக்கச் சுவரில் மஞ்சள் பட்டை லேசாகச் சாய்கிறது. அது இவர் ஆபீஸ் கோபத்தோடு பின்னிய வாரம், அந்த வரிசை மட்டும் அவ்வளவு இறுக்கம்.

மே 25, ஞாயிறு

கூடையோடு மார்க்கெட். பரங்கிக்காய் ஒரு கீற்று, சுரைக்காய், தேங்காய் இரண்டு, அடியில் வெங்காயம், மேலே கீரை. தொப்பை போடவில்லை. கீரைக்கார அம்மா கூடையைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்து, "யாரு பின்னுனது?" என்று கேட்டார். இவரைக் காட்டினேன். "ஆம்பளப் பிள்ள இழுப்பு, அதான் கெட்டியா இருக்கு" என்று ஒரு கட்டு கீரை கூடுதலாக வைத்தார். அடிப்பாகத்தில் பாதி நான் பின்னியது என்று சொல்ல வாயெடுத்தேன், கீரை போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

கூடை போட்டோ அத்தைக்குப் போனது. அடுத்த நிமிஷம் போன். "எனக்கு இந்த முடிச்சு வேணாம்மா. நெல்லிக்காய் முடிச்சுல, பூசைச் சாமான் வைக்கிற அளவுக்குச் சின்னதா, வெள்ளையும் அரக்கும்." நெல்லிக்காய் எனக்கே சரியாக வராது, அம்மாச்சியைத்தான் கேட்க வேண்டும். இவர் அதற்குள் கடைக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் பட்டியல்: வெள்ளை, அரக்கு, கறுப்பு, சாம்பல். கறுப்பும் சாம்பலும் யாருக்கு என்று கேட்டால் பதிலில்லை.