முழங்காலில் பிளேட் வைத்த நாய்: எட்டாவது வாரத்துக்கு அப்புறம்தான் வேலையே

முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்து, சின்ன வயதிலேயே டிபிஎல்ஓ (கீழ்க்கால் எலும்பை வெட்டி, சாய்வைக் குறைத்து, பிளேட் வைக்கும் ஆபரேஷன்) செய்த லாப்ரடார். ஆபரேஷன், தையல் பிரிப்பு, எட்டாவது வார எக்ஸ்ரே எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. "எலும்பு கூடிடுச்சு, இனி சாதாரணமா விடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எரிச்சலே அந்த வாக்கியத்தில்தான். எலும்பு கூடும், மூட்டுத் தேய்மானம் நிற்காது. ஆபரேஷன் அதன் வேகத்தைக் குறைத்தாலே பெரிய விஷயம். மறு காலிலும் லிகமென்ட் அறுவது சகஜம்.

நன்றாக நடந்த நாய் பிறகு திடீரென்று நொண்டினால் வயசு, குளிர் என்று தள்ளிப்போடாதீர்கள். மெனிஸ்கஸ் (முழங்கால் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கலாம், பிளேட்டில் கிருமித்தொற்று இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரே வேண்டும். அதைக் கேட்டுப் போனால் ரிசப்ஷனில் முதலில் "பழசெல்லாம் இல்லை" என்றார்கள். வற்புறுத்திய பிறகு திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்பினார்கள். அதில் எதையும் அளக்க முடியாது. டைகாம் ஃபைல் (எக்ஸ்ரே கருவியின் அசல் டிஜிட்டல் ஃபைல், அதில் அளக்கலாம்) என்று பேர் சொல்லிக் கேட்டதும் மறு நிமிஷம் வந்தது! டிஸ்சார்ஜ் அன்றே அதை பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். ஆபரேஷன் குறிப்பும் (பிளேட் அளவு, மெனிஸ்கஸை என்ன செய்தார்கள்) கூடவே வேண்டும்.

தொற்று சந்தேகம் என்றால், மூட்டு நீரை எடுத்து கல்ச்சருக்கு (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பிய பிறகே ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்லுங்கள். மருந்து முந்திக்கொண்டால் கிருமி கல்ச்சரில் வளராமலே போகலாம்.

கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து நீண்ட நாள் போகுமானால், தொடங்கும் முன்பும் இடையிடையேயும் ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஸ்டீராய்டோடு சேர்த்தால் வயிறு, குடல் புண்ணாகலாம். இன்னொரு டாக்டர் அலர்ஜிக்கு ஊசி போடும்போது இதைச் சொல்ல மறக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது.

குளுக்கோசமைன் (மூட்டுக்கென்று விற்கும் சத்து மாத்திரை) டப்பாவுக்குச் செலவழிப்பதைவிட எடையைக் குறையுங்கள். 2002-இல் வெளியான ஆய்வில், லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள்; தன் ஜோடி நாய் தின்றதைவிட 25% குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்தும் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. டாக்டர்கள் உடல்வாகுக்குப் போடும் 1 முதல் 9 வரையான மதிப்பெண்ணில் (1 மிக மெலிவு, 9 மிகப் பருமன்) 4 அல்லது 5 இலக்கு: விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்.

நடை தினமும் ஒரே அளவு, கயிற்றோடு. வாரம் முழுக்கப் படுக்கவைத்து ஞாயிற்றுக்கிழமை பந்து எறிந்தால் திங்கள்கிழமை நொண்டும். வழுக்கும் தரையில் ரப்பர் மேட் போடுங்கள், நகத்தைக் குட்டையாக வெட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரே ஆள், ஒரே இடத்தில் இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். ஒரு தொடை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தால், நொண்டல் கண்ணில் படாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள்.