வினையின் வாலில் ஒட்டியிருக்கும் ‘நான்’

ஒருவர் எழுதியதில் ‘நான்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அவர் மனத்தைக் கணிக்கும் பழக்கம் பரவிவருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர் வழியில் வந்தவர்களும் செய்த ஆய்வுகள்தான் இதற்கு அடிப்படை. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ் நாட்குறிப்பை எடுத்து அதே கணக்கைப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

தமிழில் ‘நான்’ தனிச்சொல்லாக வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘நேற்றே சொல்லிவிட்டேன்’ என்றால் போதும். ஆள் ‘ஏன்’ விகுதிக்குள் இருக்கிறார். இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். அதையே ‘நான் நேற்றே சொல்லிவிட்டேன்’ என்று எழுதினால், அந்த ‘நான்’ பல இடங்களில் ஒரு அழுத்தம்: வேறு யாரும் சொல்லவில்லை, சொன்னது நான். தன்னைப் பற்றிப் பேசுவதும் தன்னைப் பிறரிடமிருந்து பிரித்து நிறுத்துவதும் வேறு வேறு காரியங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் இரண்டும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. (தன் குணத்துக்கும், பேசுகிறவரைக் குறிக்கும் இலக்கண இடத்துக்கும் ‘தன்மை’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி வேறெப்படி இருக்கும்!)

தன் மொழியில் தன்னைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மனத்தை அழுத்தும் ஒரே விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதுங்கள். பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் பின்பற்றிய அளவு இது. அடித்தல் திருத்தல் வேண்டாம். எழுதிய அன்றே எண்ணவும் வேண்டாம். எண்ணப்போகிறோம் என்ற நினைப்பே மறுநாள் எழுத்தை மாற்றிவிடும். ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு, பிறகு கையில் பேனாவோடு உட்காருங்கள்.

கணினியில் தேடி எண்ணலாம் என்று நினைக்காதீர்கள். ‘நான்’ என்று தேடினால் ‘நான்கு’ம் வந்து நிற்கும். ‘தேன்’ என்று தேடினால் செய்தேன், பார்த்தேனோடு தேன்கூடும் சேரும். ‘வேன்’ என்று தேடினால் வருவேனோடு வாடகை வண்டியும் வரும். பேச்சுத் தமிழில் எழுதியிருந்தால் ‘வந்தேன்’ என்பது ‘வந்தே’ ஆகியிருக்கும். கண்ணை விடக் காதுதான் உதவும், வாய்விட்டுப் படித்து எண்ணுங்கள்.

நூறு சொல்லுக்கு இத்தனை என்ற ஆங்கிலக் கணக்கும் இங்கே பொருந்தாது. ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பது நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று. வினைமுற்றுகளை மட்டும் எண்ணி, அவற்றில் எத்தனை தன்மையில் முடிகின்றன என்று பாருங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: ‘செய்யவில்லை’க்கு ஆள் கிடையாது. நான் செய்யவில்லை, அவள் செய்யவில்லை, அவர்கள் செய்யவில்லை, எல்லாம் ஒன்றுதான். ‘போக வேண்டும்’ என்பதும் அப்படியே. ‘மாட்டேன்’ மட்டும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே செய்யத் தவறியதையும் செய்ய வேண்டியதையும் எழுதும்போது ஆள் நழுவிப்போக மொழியே இடம் தருகிறது. அந்த இடங்களில் யார் என்பதைச் சூழலைப் பார்த்துக் கையால்தான் குறிக்க வேண்டும்.

அடுத்தது வேற்றுமை, அதாவது ‘நான்’ என்பது ‘எனக்கு’ ஆகும் இலக்கணம். என் கணிப்பில், இருப்பதிலேயே அதிகம் சொல்வது இதுதான். ‘கோபப்பட்டேன்’ என்றும் எழுதலாம், ‘எனக்குக் கோபம் வந்தது’ என்றும் எழுதலாம். ‘மறந்துவிட்டேன்’, ‘மறந்துபோய்விட்டது’. ‘உடைத்துவிட்டேன்’, ‘உடைந்துவிட்டது’. முதல் வகையில் செய்கிறவர் இருக்கிறார். இரண்டாவதில் ஏதோ தானாக நடந்திருக்கிறது. உளவியலாளர்கள் கேட்லின் ஃபாசியும் லெரா பொரோடிட்ஸ்கியும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. வேண்டுமென்றே செய்த செயல்களில் செய்தவர் யார் என்பதை ஆங்கிலம் பேசுகிறவர்களும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் ஒரே மாதிரி நினைவு வைத்திருந்தார்கள். தவறி நடந்தவற்றில் மட்டும் ஸ்பானிஷ்காரர்களுக்கு ஆள் குறைவாக நினைவிருந்தது. ‘தானாக உடைந்தது’ என்று சொல்வது ஸ்பானிஷில் சகஜம். தமிழிலும் சகஜம்தான், ஆனால் அதை வைத்துத் தமிழர் இப்படி என்று முடிவு கட்டக் கூடாது.

எல்லா ‘எனக்கு’ம் கணக்கில் சேராது என்பதையும் கவனியுங்கள். பசிக்கிறது, தெரியும், பிடிக்கும் போன்றவற்றுக்கு மொழி வேறு வழியே தரவில்லை. அவற்றிலிருந்து குணம் எதுவும் தெரியாது. மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் இல்லை, எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதினார். தேர்வு இருக்கும் இடத்தை மட்டும் குறியுங்கள். குறித்தவற்றில் மூன்று வாக்கியங்களை எடுத்து மறு வடிவில் எழுதிப் பாருங்கள். ‘பேச்சு நின்றுபோய்விட்டது’ என்பதை ‘பேச்சை நிறுத்திவிட்டேன்’ என்று. எந்த வாக்கியத்தில் கை தயங்குகிறதோ அதைத் தனியாக எடுத்துவைத்து, இன்னும் ஒரு 15 நிமிடம் அதைப் பற்றி மட்டும் எழுதலாம்.

இரண்டு மொழி புழங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பவம் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியில் எழுதினால் நினைவு கூடுதலாக வரும். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் உளவியலாளர்கள் மரியனும் நைசரும் 2000இல் கண்டது இது. பேச்சுத் தமிழில் வாழ்ந்ததை எழுத்துத் தமிழில் எழுதினாலும் ஓர் இடைவெளி விழும் என்றுதான் தோன்றுகிறது. ‘ஆத்திரமா வந்துச்சு’ என்பது ‘சினம் உண்டாயிற்று’ ஆனதும் சூடு போய்விடுகிறது. சில சமயம் அந்த இடைவெளிதான் தேவைப்படும். தெரிந்து செய்தால் சரி.

ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வுக்கும் தன்மைச் சொற்களுக்கும் தொடர்பு உண்டு என்று படித்திருப்பீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. எண்ணிக்கையை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள், உங்களுக்கும்தான்.

கடைசியாக ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் தனித்தனி நிறத்தில் வட்டமிடுங்கள். வினையில் இரண்டும் ‘ஓம்’ என்றே முடிவதால் ‘போனோம்’ என்று மட்டும் இருந்தால் பிரிக்க முடியாது. அங்கே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, யார் யார் போனீர்கள் என்று பெயர்களை எழுதிவையுங்கள்.